கேமரா இருக்கட்டும், ஏசியைப் பாருங்கள்

2021 ஜனவரியில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வேகமாகச் சுற்றியது. வீடியோ மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டால் அந்த மீட்டிங்கால் வரும் கார்பன் 96 சதவீதம் குறைந்துவிடும் என்று. அமெரிக்காவில் பர்டூ, யேல், எம்ஐடி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்த எண் அது. எங்கள் டீமில் ஒருவர் அதைக் குரூப்பில் போட்டு, "இனிமே எல்லாரும் கேமராவ ஆஃப் பண்ணுங்க, பூமியக் காப்பாத்தலாம்" என்று எழுதினார். யாரும் மறுக்கவில்லை. சட்டை மாற்றாமல் மீட்டிங்கில் உட்கார ஒரு நல்ல காரணம் கிடைத்தால் யார் மறுப்பார்கள்?

எனக்கு மட்டும் அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவன். வீடு கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். 2020 மார்ச்சிலிருந்து பெரும்பாலும் வீட்டில்தான் வேலை, இப்போது வாரத்தில் சில நாள் ஆபீஸ். கம்பெனியின் டிராஃபிக் (நெட்டில் ஓடும் டேட்டாவின் அளவு) கிராஃபையும் வீட்டின் கரண்ட் பில்லையும் ஒரே ஆளாகப் பார்க்கிற வாய்ப்பு இதனால் அமைந்தது. பார்த்ததில் தெரிந்தது இதுதான்: டேட்டா தின்னும் கரண்ட் சொற்பம். வீட்டுக்குள் இருக்கும் வெக்கை, இன்வெர்ட்டர், வேலைக்குப் போய்வரும் தூரம், இவைதான் கணக்கைச் சாய்க்கின்றன.

முதலில் டிராஃபிக்கைச் சொல்லிவிடுகிறேன், என் தொழில் அதுதானே.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். எங்கள் ஆபீசில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி, அதுவரை டூர் போகிற சிலருக்கும், ராத்திரி அவசரத்துக்கு லாகின் செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் மட்டும்தான். ஒரே வாரத்தில் மொத்த கம்பெனியும் அதன் வழியாக உள்ளே வந்தது. லைன் திணறியது. இதில் பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஊழியர் தருமபுரியில் வீட்டில் உட்கார்ந்து மீட்டிங்கில் சேர்கிறார். விபிஎன் போட்டிருப்பதால் அவருடைய வீடியோ முதலில் பெங்களூரு ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து வெளியே இன்டர்நெட்டுக்குப் போகும். திரும்பி வருவதும் அதே வழியில்தான், ஆபீசுக்குள் நுழைந்து பிறகு அவர் வீட்டுக்கு. அதாவது ஒரே டேட்டா ஆபீஸ் லைனில் இரண்டு முறை ஓடும். ஆயிரம் பேர் பேசினால் இரண்டாயிரம் பேர் பேசுகிற சுமை.

இதற்கு வழி, ஸ்ப்ளிட் டனல். கம்பெனி சர்வருக்குப் போவது மட்டும் விபிஎன் வழியாக, மீட்டிங் வீடியோவும் அப்டேட்டும் வீட்டிலிருந்து நேராக வெளியே. மைக்ரோசாஃப்டே 2020 மார்ச்சில் தன் ஆஃபீஸ் 365 வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் பரிந்துரைத்தது. எங்கள் செக்யூரிட்டி டீம் முதலில் முடியவே முடியாது என்றார்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை எம்டியின் மீட்டிங்கே நடுவில் அறுந்தது. மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. மாற்றியதும் கிராஃப் பாதிக்கும் கீழே இறங்கியது. சிறு கம்பெனி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், லைனைப் பெரிதாக்கப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் விபிஎன் எந்த வகை என்று ஐடி ஆளிடம் கேளுங்கள்.

உலகம் முழுக்க அப்போது இதே கதைதான். 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையே உலக இன்டர்நெட் டிராஃபிக் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறியது என்று சர்வதேச எரிசக்தி முகமை சொன்னது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் உள்ள டிஇ-சிக்ஸ், அதாவது பல நெட் கம்பெனிகள் தங்களுக்குள் டேட்டாவை மாற்றிக்கொள்ளும் இடம், அந்த மார்ச்சில் வினாடிக்கு 9 டெராபிட்டைத் தாண்டியது. ஜூம் செயலியில் 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடி பேர் மீட்டிங்கில் சேர்ந்தார்கள், 2020 மார்ச்சில் அது 20 கோடி. நம் ஊரில் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் கூடிப் பேசி, ஏப்ரல் 14 வரை மொபைலில் 480பி தரத்துக்கு மேல் காட்டுவதில்லை என்று நிறுத்தி வைத்தன. படம் மங்கலாக இருக்கிறது என்று அன்றைக்குப் புலம்பியவர்களுக்குக் காரணம் இதுதான்.

கால்சென்டர், பிபிஓ வேலைக்காரர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொலைத்தொடர்புத் துறையின் அன்றைய விதிகள் லேசில் விடவில்லை. ஊரடங்குக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். பிறகு 2020 நவம்பர் 5 அன்று புதிய வழிகாட்டு விதிகளே வந்தன. அதற்குப் பிறகுதான் அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கமெல்லாம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரருக்குப் பதில் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்க முடிந்தது.

ஆக, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே கட்டடத்தில் இருந்த சுமை பிரிந்து எங்கள் தெருவுக்கு வந்தது. தெரு அதற்குத் தயாராக இல்லை.

அப்போது எங்களுக்கு நெட் கொடுத்தவர் கேபிள் டிவிக்காரர்தான். ஃபைபர் என்றுதான் விற்றார். ஃபைபர் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடிப் பெட்டி வரைக்கும்தான் வந்திருந்தது, அங்கிருந்து வேப்பமரக் கிளை வழியாக லேன் ஒயர். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சுவிட்ச் அந்த வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. அங்கே கரண்ட் போனால் எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் போய்விடும். மே மாதம் மாலை மழைக்காற்று அடித்து எங்காவது மாமரக் கிளை ஒயர் மேல் விழும். அன்றைய மீட்டிங் அதோடு சரி. "அண்ணா, நடுவுல கரண்டு எடுக்குற பெட்டி எதுவும் இல்லாம நேரா ஃபைபர் தர முடியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தரலாம் தம்பி, நீ கேக்கவே இல்லையே" என்றார். இன்ஸ்டலேஷனுக்குத் தனியாக வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

வீடுவரை வரும் ஃபைபரில் நடுவே இருப்பவை கண்ணாடிப் பிரிப்பான்கள்தான். ஒளியைப் பிரித்து அனுப்பும், கரண்ட் தேவையில்லை. அவருடைய ஆபீசில் பேட்டரி இருந்தால், நம் வீட்டுப் பெட்டிக்கும் கரண்ட் இருந்தால், இடையில் எத்தனை தெரு இருட்டில் கிடந்தாலும் நெட் வரும். புது இணைப்பு எடுக்கிறவர்கள் நெட் வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து கேட்க வேண்டியது அப்லோடு. வீட்டு இணைப்புகள் எல்லாம் நாம் படம் பார்ப்போம், பாட்டு கேட்போம் என்ற நினைப்பில் போட்டவை. கீழே வருவதற்கு அகலம், மேலே போவதற்கு ஒடுக்கம். வீட்டிலிருந்து வேலை என்று வந்ததும் மேலே போவதுதான் கழுத்தைப் பிடித்தது. ஜூம் கொடுத்திருக்கும் கணக்குப்படி 720பி தரத்தில் இருவர் பேச மேலே 1.2, கீழே 1.2 எம்பிபிஎஸ் வேண்டும். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்). ஸ்கிரீன் ஷேர் அதைவிடக் கொஞ்சம் கம்மி. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் வீடியோ ஒரு திசைக்கு 540 எம்பி, குரல் 36 எம்பிக்குள். எனவே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொங்குகிற நாளில் கேமராவை அணைப்பது நியாயம். தினசரி டேட்டா மிஞ்சும், குரலும் உடையாது. மொபைல் டவர் வழியாக ஒரு ஜிபி போவதற்கு ஃபைபரைவிடக் கரண்ட் கூடுதலாகச் செலவாகும் என்பதும் உண்மைதான். அந்த வாட்ஸ்அப் அறிவுரைக்குச் சரியான இடம் ஹாட்ஸ்பாட்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் நாற்பது, ஐம்பது என்று காட்டும், பேசினால் மட்டும் குரல் வெட்டும். எங்கள் வீட்டில் இது பெரும்பாலும் யாராவது விசேஷத்துக்குப் போய்வந்த மறுநாள் நடக்கும். தங்கையின் போன் நூற்றுக்கணக்கான கல்யாணப் போட்டோக்களை வைஃபை கிடைத்ததும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு முழுக்க நிரம்பியதும் ரவுட்டருக்குள் வரிசை கட்டும். என் குரல் சின்னப் பொட்டலம்தான், ஆனாலும் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய ஆம்புலன்ஸ் கதை. ரவுட்டர் செட்டிங்கில் க்யூஓஎஸ் என்று, எந்த டேட்டா முன்னால் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் வசதி ஒன்று இருக்கும். அதில் அப்லோடு வரம்பை, உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் குறைத்து வையுங்கள். மொத்த வேகம் கொஞ்சம் குறையும், குரல் தெளிவாகிவிடும். போன் பேக்கப், விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் விடியற்காலைக்குத் தள்ளிவிடுங்கள்.

வைஃபையும் ஒரு தொல்லை. எங்கள் பகுதியில் பழைய வீடு என்றால் கருங்கல் சுவர், அதுவும் ஒரு முழத்துக்கு மேல் கனம். கிருஷ்ணகிரி கிரானைட்டை உலகமெல்லாம் அனுப்புகிற ஊர், சுவருக்குப் பஞ்சமா? 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. 2.4 தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் கூடி நிற்கும். எக்ஸ்டெண்டர் வாங்கி வைத்தால் அதுவும் நாள் முழுக்கக் கரண்டில் நிற்கும். கதவிடுக்கில் ஒரு லேன் ஒயரை இழுத்து லேப்டாப்பில் சொருகினேன், விஷயம் முடிந்தது.

இப்போது கரண்டுக்கு வருகிறேன்.

கேபிள் அண்ணன் காட்டிய டிராஃபிக் கிராஃபைப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை பகல் பள்ளத்தைத்தான் நிரப்பியது. உச்சம் எப்போதும்போல ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். சீரியல், படம், ஐபிஎல். நெட்வொர்க்கை யாரும் சராசரிக்குக் கட்டுவதில்லை, உச்சத்துக்குத்தான் கட்டுவார்கள். கட்டிய பெட்டிகள் டேட்டா ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறக்குறைய அதே கரண்டை எடுக்கும். ஸ்பெயினின் டெலிஃபோனிகா கம்பெனி 2020ல் தன் டிராஃபிக் 45 சதவீதம் ஏறியும் மின்செலவு ஏறவில்லை என்று அறிவித்தது. பர்டூ கணக்கு இடறுவது இங்கேதான். ஒரு ஜிபிக்கு இவ்வளவு யூனிட் என்று ஒரு சராசரி எடுத்து, ஜிபியைக் குறைத்தால் யூனிட்டும் அதே விகிதத்தில் குறையும் என்று பெருக்குகிறார்கள். நான் கேமராவை அணைத்ததால் மொட்டைமாடிப் பெட்டி தூங்கப் போவதில்லை. டிராஃபிக் ஆண்டுக்கு ஆண்டு ஏறி உச்சமே உயர்ந்தால் புதுப் பெட்டி வாங்க வேண்டிவரும், அந்தக் கவலை நியாயம். ஆனால் அந்த உச்சத்தை உயர்த்துவது நம் காலை மீட்டிங் இல்லை, ராத்திரி கிரிக்கெட்.

2020 ஏப்ரல் 5 நினைவிருக்கும். ராத்திரி 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்ன நாள். நாட்டின் மின்தேவை அப்போது 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது, நீர்மின் நிலையங்களைச் சடாரென்று குறைத்துச் சமாளித்தார்கள். அணைத்தது வெறும் விளக்குகள். அந்த ஒன்பது நிமிடமும் எங்கள் வீட்டு ரவுட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆளாளுக்கு மாடியில் நின்று வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தோம். கரண்ட் எங்கே செலவாகிறது என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம் போல.

வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. இபி மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டும். பக்கத்தில் 3200 என்றோ வேறு எண்ணோ போட்டிருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். 3200 போட்ட மீட்டர் என்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி 18.75ஆல் பெருக்கினால் வாட். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜை மறக்காமல் ஆஃப் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கெடும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், நிமிடத்துக்கு நாலு சிமிட்டல். லேப்டாப் இரண்டோ மூன்றோ. ரவுட்டர் 9 வாட், ஒரு சிமிட்டலுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், வீடியோ கால் ஓடும்போதும் அதே காத்திருப்புதான். ஒன்றரை டன் ஏசி கம்ப்ரசர் முழு மூச்சில் ஓடினால் 80 சிமிட்டல், எண்ணவே முடியாது. இந்தச் சோதனையை ஒருமுறை வீட்டில் எல்லோரையும் வைத்துச் செய்து காட்டினேன். அதற்கப்புறம் எங்கள் அப்பா ரவுட்டரை அணைக்கச் சொல்வதில்லை.

ரவுட்டர் மேல் அவருக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் ஊரடங்குக் கோடையின் கரண்ட் பில். "வீட்லயேதானடா உக்காந்திருக்கீங்க, அப்புறம் எப்படி இவ்வளவு வந்துச்சு?" என்றார். வீட்டில் உட்கார்ந்ததால்தான் வந்தது. லேப்டாப், ஃபேன், ஒரு பல்பு, ஒன்பது மணி நேரம் என்றால் ஒரு ஆளுக்கு நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாதத்தில் வேலை நாட்களுக்கு மட்டும் ஐம்பதைத் தாண்டும். நான் ஒரு அறையில், ஆன்லைன் வகுப்பெடுக்கிற மனைவி இன்னொரு அறையில், கூடத்தில் அப்பாவின் டிவி. இரண்டு மாதத்துக்கு நானூறு யூனிட்டை ஒட்டி இருந்த வீடு ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

அந்த ஐந்நூறுதான் வில்லன். அன்றைய கட்டணப்படி இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் என்றால் 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல், ஏனென்றால் கோட்டைத் தாண்டியதும் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் மானியம் குறைந்து விலை ஏறும். 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது 500க்கு 1,725, 501க்கு 1,958 என்று ஆனது. தாவல் சிறிதானது, போகவில்லை. ஆகவே ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, ஒன்றரை மாதம் ஆனதும் மீட்டரைப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ரீடிங்குக்கு அப்புறம்தான்.

ஃபேனை மட்டும் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார்) வகைக்கு மாற்றினோம். 75 வாட் இருந்த இடத்தில் முப்பதைச் சுற்றித்தான். நாள் முழுக்க ஆள் இருக்கிற அறையில் போட்டால் இரண்டு, மூன்று வருடத்தில் முதல் திரும்பும். யாரும் உட்காராத அறைக்கு வாங்குவது வீண்.

ஏசி வேறு கணக்கு. எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குள்ளேயே வானிலை ஒன்றில்லை. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். அங்கே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் வருடத்தில் பெரும்பகுதி ஃபேனோடு ஓட்டிவிடலாம். மலை இறங்கி கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி வந்துவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் காங்கிரீட் கூரைக்குக் கீழே மதியம் மூளை வேலை செய்யாது. ஏசி போட்டால் மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்கு ஆறு யூனிட், லேப்டாப், ஃபேன் எல்லாம் சேர்ந்ததைப்போல ஐந்து மடங்கு. எங்கள் வீட்டில் வேலை அறை மேற்குப் பார்த்தது. அதை வடகிழக்கு மூலைக்கு மாற்றினோம், மொட்டைமாடிக்கு வருடா வருடம் பிப்ரவரி கடைசியில் சுண்ணாம்பு அடிக்கிறோம். மதியம் இரண்டு மணி வரைக்கும் ஏசி இல்லாமல் தாங்குகிறது. அதற்கு மேல் போட்டாலும் 26ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியும் அவர்கள் கேட்டு வந்ததுதான்.

இன்வெர்ட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 150 ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய 1.8 யூனிட் நிற்கும். அதில் ஏற்றியதில் முக்கால் பங்கு திரும்பக் கிடைத்தால் அதிர்ஷ்டம், பேட்டரி பழசானால் அதுவும் இல்லை. ரவுட்டருக்காக மட்டும் அதை ஓட்டுவது அநியாயம். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்கி, இரண்டு இடத்திலும் வீண். ரவுட்டருக்கென்றே விற்கிற மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன், சில மணி நேரம் தாங்குகிறது. வாங்குவதற்கு முன் அடாப்டரைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சில பெட்டி 9 வோல்ட், சில 12. மாற்றிச் சொருகினால் பெட்டி போய்விடும்.

பயணத்துக்கு வருவோம். ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் வீட்டு எரிசக்திச் செலவு 7 முதல் 23 சதவீதம் வரை ஏறலாம், ஆனால் காரில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு மொத்தத்தில் லாபம்தான் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2020ல் எழுதியது. குறைந்த தூரம், அல்லது பஸ், ரயில் என்றால் வீட்டிலிருப்பதே கொஞ்சம் கூடுதல் செலவாகலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். இதை நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரி டவுனிலேயே கணக்கு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்குப் போகவர பைக்கில் 12 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி. பெட்ரோல் கால் லிட்டர்கூட இல்லை, கரியமில வாயு அரை கிலோவைச் சுற்றி. நம் நாட்டு கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அவர் வீட்டில் ஏசி போட்டு உட்கார்ந்தால் நாலு கிலோவுக்கு மேல். அவர் ஆபீஸ் போவதே மேல், அங்கேயும் ஃபேன்தான்.

என் கணக்கு நேர் எதிர். காவேரிப்பட்டணத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் காரில் போய்வந்தால் 160 கிலோமீட்டரைத் தொடும், பத்து லிட்டர் பெட்ரோல், இருபது கிலோவுக்கு மேல் புகை. ஆனால் யார் தினமும் காரில் போனார்கள்? பொம்மசந்திரா பக்கம் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நான் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது. எனக்கு உண்மையில் மிச்சமானது அறை வாடகையும், அங்கே தனியாக ஓடிய ஒரு ஃபிரிட்ஜும் கீசரும். அதைப் பெரிய பசுமைச் சாதனையாகக் காட்டிக்கொள்ள எனக்கு வாய் வராது.

ஆபீஸ் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்று அனுப்பிவிட்டு, மேஜைக்குக் கீழே இருந்த டெஸ்க்டாப்பை இரவு பகலாக ஓடவிட்ட கம்பெனிகள் எத்தனையோ. ஊழியர் வீட்டு லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் நுழைய வேண்டுமே, அதற்காக. ஒரே ஆளுக்கு இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று ராத்திரியும் தூங்குவதில்லை. வேக்-ஆன்-லேன் என்ற வசதியை இயக்கிவிட்டால் தேவைப்படும்போது தட்டி எழுப்பிக்கொள்ளலாம். எங்கள் ஆபீசில் அதைச் செய்ய வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. இப்போது வாரத்தில் பாதி நாள் ஆபீஸ், பாதி வீடு என்று ஆனபின் இன்னொரு கூத்து. ஆளுக்கொரு நாள் வருகிறார்கள். ஒரு மாடியில் இருபது பேருக்காக மொத்த மாடிக்கும் சென்ட்ரல் ஏசி. அன்றைக்கு மீதிப்பேர் வீட்டில் தனித்தனியாக ஏசி. டீம் டீமாக நாளைப் பிரித்து, வராத நாளில் ஒரு மாடியையே பூட்டினால்தான் மிச்சம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபைல் நகர்கிறது.

கடைசியாக சோலார், எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு அது பொருத்தம்தான், ஏனென்றால் நம் செலவு பகலில். ஒரு கிலோவாட் போட்டால் நாளைக்குச் சராசரி நாலு யூனிட் வரும். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். எதிர்வீட்டு மாமா போட்டார். போட்ட முதல் வாரமே மதியம் கரண்ட் கட், நல்ல வெயில், அவர் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. "என்ன மாப்ள, ஏமாத்திட்டானுங்களா?" என்று வந்து நின்றார். யாரும் ஏமாற்றவில்லை. கிரிட்டோடு இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானாக நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் பாயும். கட் நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அதற்கு விலை நன்றாகவே ஏறும். விற்கிறவர்கள் இதை முதலிலேயே சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். மாமாவுக்குப் பில் குறைந்திருக்கிறது, மீட்டிங் நேரத்தில் கரண்ட் போனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் மகன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். எங்கள் மாடியில் ஒரு மூலையில் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யாமல் பேனல் ஏற்ற முடியாது. இப்போதைக்குச் சுண்ணாம்போடு நிறுத்தியிருக்கிறோம்.